வரிக்கும் வரிக்கும் இடையே

ஒரு தொழிலிலே தேர்ச்சி பெற்ற ஒருவன் இன்னொரு தொழிலின் அரிச்சுவடியைக் கற்கப் புகும்போது, அவன் முன்னர் பெற்ற தேர்ச்சியே பல வேளைகளில் அவனுக்குத் தடையாகிவிடுகின்றது. சிறுபிள்ளை தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஏற்றுக்கொண்டு ஏட்டைத் திறக்கும். தேர்ந்தவனோ, புதிய தொழில் தன் தொழிலிலும் இலேசானது என்று உள்ளூர முடிவுகட்டிய பின்னரே அதனைத் தொடுவான். வடமராட்சிக் கிராமம் ஒன்றிலே பிறந்து, கொழும்பிலே மென்பொருட் பொறியியலாளனாகப் பணிபுரியும் இளைஞன் ஒருவன் இணையத்தள வடிவமைப்பின் அடிப்படைகளைக் கற்க நேர்ந்த கதை இதற்கு ஒரு சான்றாகும்.

அவன் ஐந்து ஆண்டுகளாகச் செய்துவந்தது, நிதி நிறுவனங்களின் கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் செய்நிரல்களை எழுதும் வேலை. அச்செய்நிரல்களுக்கு முகம் என்று ஒன்று இல்லை. அவை இரவிலே இயங்கும், காலையிலே கணக்குச் சரியாக இருக்கும், அவ்வளவே. அத்தகைய வேலையிலே ஒன்று சரி, அல்லது பிழை; இடையில் நிற்பது எதுவுமில்லை. அதே நிறுவனத்தில் திரையின் நிறம், எழுத்தின் அளவு, பொத்தான் அமையும் இடம் ஆகியவற்றை ஆராய்வதற்கென வேறு சிலர் இருந்தனர். அவர்களை அவன் மனத்துக்குள் ஒப்பனைக்காரர் என்றே வகுத்து வைத்திருந்தான். வீட்டைக் கட்டுபவன் ஒருவன், கட்டிய வீட்டுக்கு வர்ணம் பூசுபவன் ஒருவன் என்பதே அவனுடைய கருத்து.

2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவனுடைய ஊர்ச் சனசமூக நிலையத்தார் அவனிடம் ஓர் உதவி கேட்டனர். நிலையத்தின் வாசிகசாலையில் ஏறக்குறைய 2,000 நூல்கள் இருந்தன. இருந்து காணாமற்போனவை எவையென்று பழைய பதிவேடுகள் இரண்டும் கூறின. இருப்பவற்றையும் இழந்தவற்றையும் ஒரே பட்டியலாக்கி இணையத்திலே இட்டால், புலம்பெயர்ந்து வாழும் ஊரவர்கள் பார்த்து, தம்மிடமுள்ள பிரதிகளை அனுப்பி வைக்கக்கூடும். ஊரிலுள்ள முதியோரும் வீட்டிலிருந்தே நூலைத் தேடிப்பார்த்துவிட்டு வரலாம். இதுவே அவர்களுடைய எண்ணம்.

அவன் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டான். பட்டியலின் பெரும்பகுதியை நூலகப் பொறுப்பாளரான பெண்மணி முன்னரே கணினியிற் பதிந்து வைத்திருந்தார். ஆனால் அது இலங்கையிலே நெடுங்காலம் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அந்தத் தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். அதனை யுனிக்கோட்டுக்கு மாற்றும் செய்நிரலை ஒரே இரவில் எழுதினான். தரவுத்தளம் அமைத்தான். நூற்பெயரின் இரண்டு எழுத்துகளைத் தட்டிய அளவிலேயே விடை வந்து நிற்கும்படி தேடலை அமைத்தான். இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்தது. முகப்பிற்கு மட்டும் அவன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டான். நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே பெயர், ஆசிரியர், ஆண்டு, இருப்பு. நாகரிகமாகத் தோன்றுவதற்கென மெல்லிய சாம்பல் நிற எழுத்து. ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை இட்டுப் பார்த்தபோது யாவும் ஒழுங்காக அமைந்திருந்தன.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே ஊருக்குச் சென்று, வாசிகசாலையிற் பத்துப் பன்னிரண்டு பேர் முன்னிலையில் அதனைக் காட்டினான். தன் மடிக்கணினியிற் காட்டியவரை எல்லாம் சரியாகவே நடந்தது. பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் கைத்தொலைபேசியிலே திறந்தனர். பக்கம் முழுவதும் ஒரு முத்திரையளவுக்குச் சுருங்கி நின்றது. விரல்களால் விரித்துப் பெரிதாக்கினால் வரியின் தலை தெரியும்போது வால் தெரியவில்லை. பெட்டிகளின் உயரத்தை அவன் ஓர் எண்ணாக நிலைப்படுத்தியிருந்தமையால் நீண்ட தமிழ்ப்பெயர்கள் இரண்டாம் வரிக்கு இறங்கியதும் பாதியிலே அறுபட்டன. 'பூ', 'மூ' போன்ற எழுத்துகள் கீழ்ப்பகுதியை இழந்து நின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வெயிலை மறைத்துக் கையைக் குடையாக்கி, நெடுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "புத்தகம் எங்கை தம்பி கிடக்கு?" என்று கேட்டார். அக்கேள்வியில் ஏளனம் இல்லை. அவர் மெய்யாகவே தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடிய நூல் தரவுத்தளத்திலே இருந்தது. ஒரு நொடிக்குள் கண்டுபிடிக்கப்பட்டும் இருந்தது. அவருடைய கண்ணுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

பின்வரிசையில் இருந்த அவனுடைய தந்தையார் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவின் பின்னர் மகனுடைய கைத்தொலைபேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு, திரையை மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் கிடக்கு, தம்பி. லெட்டைத்தான் காணேல்லை" என்றார்.

"உது வடிவு பாக்கிற வேலை, அப்பா. செய்ய வேண்டியதை அது சரியாய்ச் செய்யுதுதானே" என்று மகன் விடையிறுத்தான். தந்தையார் மறுத்துப் பேசாமற் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இவ்விடத்திலே தந்தையாரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1967 இல், தமது பதினேழாவது வயதில், அவர் யாழ்ப்பாண நகரத்து அச்சகம் ஒன்றிலே அச்சுக்கோப்பாளராகச் சேர்ந்தார். நாவலர் காலந்தொட்டு அச்சுத்தொழில் வேரூன்றியிருந்த நகரம் அது. இடக்கையிலே கோப்புத்தாங்கி, வலக்கையிலே எழுத்து. தலைகீழாய் நிற்கும் ஈய எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வரிகளை அடுக்கும் அந்த வேலையிலே இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. வரிக்கும் வரிக்கும் இடையே செருகப்படும் மெல்லிய ஈயத்தகட்டையே அச்சகத்தார் 'லெட்' என்பர். 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது அச்சகம் பூட்டப்பட்டது. அடுத்த ஆண்டிலே திரும்பிச் சென்று பார்த்தபோது கட்டடம் இருந்தது; எழுத்துப் பெட்டிகள் வெறுமையாயிருந்தன. அதன்பின் அவர் கூட்டுறவுச் சங்கக் கடையிலே வேலைபார்த்து ஓய்வுபெற்றார். மகன் பிறந்தது 1996 இல். ஆகவே தந்தையார் எழுத்துக் கோத்ததை அவன் ஒருநாளும் கண்டதில்லை. அத்தொழில் அவனைப் பொறுத்தவரை, முடிந்துபோன ஒரு காலத்தின் பெயர் மட்டுமே.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர் ஆசிரியரின் கேள்வி அவனை விடவில்லை. பொறியியலாளர்க்கே உரிய முறையில், முதலிலே துறையின் வரலாற்றையும் நியமங்களையும் படிக்கத் தொடங்கினான். வரலாற்றிலேயே அவனுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. வலையை ஆக்கியவர்களும் தொடக்கத்திலே அவனைப் போன்றே எண்ணியிருந்தனர் என்று சொல்லத் தோன்றும். ரிம் பேர்னர்ஸ்-லீ 1989 இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்திலே தமது திட்டத்தை முன்வைத்தபோது, ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று தொடுப்பதே நோக்கமாயிருந்தது. எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல் என்று உறுப்புகளைச் சுட்டும். அவை எவ்வாறு தோன்றவேண்டும் என்பது பெரும்பாலும் உலாவியிடம் விடப்பட்டிருந்தது. தோற்றத்தைத் தனியாக எழுதிவைப்பதற்கான சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் முறையை ஹோக்கன் வியம் லீ 1994 ஒக்ரோபரில் முன்மொழிந்தார். 1996 டிசெம்பரிலேயே அதன் முதற்படி நியமமாயிற்று.

படித்தது விளங்கியது, செய்யப் புகுந்தபோதுதான் இடர் தொடங்கியது. அவன் அறிந்த மொழிகளிலே பிழை எழுதினால் கணினி நின்றுவிடும். எந்த வரியிலே பிழை என்றும் சொல்லும். நடைத்தாளோ அவ்வாறு செய்வதில்லை. விளங்காத கட்டளையை உலாவி சத்தமின்றிக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். அது விதியின்படியே அமைந்தது என்பதை அறிந்தபோது அவனுக்கு எரிச்சல் மிகுந்தது. ஒரு பெட்டியின் அகலம் நூறு வீதம் என்று எழுதி, உள்ளே சிறிது இடைவெளியும் கொடுத்தான். பெட்டி திரையைத் தாண்டி வெளியே நீண்டது. அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலத்தையே குறிக்கும், உள்ளிடைவெளியும் கரையும் அதன்மேற் கூட்டப்படும் என்னும் அடிப்படையை அறிய அவனுக்கு ஒரு மாலை சென்றது. மேற்பந்திக்குக் கீழே 30 பிக்சல் இடைவெளியும், கீழ்ப்பந்திக்கு மேலே 20 பிக்சல் இடைவெளியும் விதித்தான். இரண்டுக்கும் நடுவே ஐம்பது வரவேண்டும், முப்பதே வந்தது. கணக்குச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது பெரும் அநீதியாகத் தோன்றியது.

இவை யாவற்றிலும் அவனை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. இரண்டு சொற்களுக்கு இடையே இடைவெளி விசையைப் பத்துமுறை தட்டினாலும் உலாவி ஓர் இடைவெளியையே காட்டிற்று. வெறுமையை அது ஒரு பொருளாகவே மதிப்பதில்லை. நடைத்தாள் நன்கு வேரூன்றுவதற்கு முன்னர், 1990களிலே வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் செய்தனர் என்று அவன் படித்தான். ஒரேயொரு பிக்சல் அளவான, கண்ணுக்குத் தெரியாத ஒளிபுகும் படத்தை ஆக்கி, வேண்டிய அளவுக்கு இழுத்து, எழுத்துகளுக்கு இடையே முட்டுக்கொடுத்து நிறுத்தினர். எவரும் பார்ப்பதற்கல்லாத அப்படம், மற்றவை இருக்கவேண்டிய இடத்திலே இருப்பதற்காகவே அங்கு இருந்தது. அதனைப் படித்தபோது, தந்தையார் காணவில்லையென்று சொன்ன பொருள் இதுதானோ என்ற ஐயம் அவனுக்கு எழுந்தது.

ஓகஸ்டு மாதத்திலே மீண்டும் ஊருக்குச் சென்றபோது தந்தையாரிடம் கேட்டான்: "அப்பா, லெட் எண்டு சொன்னீங்களே. அதை எப்பிடிப் போடுவீங்கள்?"

தந்தையார் அலுமாரியைத் திறந்து ஒரு சிறு நூலை எடுத்துவந்தார். அது 1989 இல் இறந்த அவருடைய தாயாரின் கல்வெட்டு. அந்தியேட்டி நாளிலே படிப்பதற்காக வெளியிடப்படும் அந்த நினைவுநூலை அவரே, தாயின் முப்பத்தோராம் நாளுக்கு முன்னர், அச்சகத்திலே இரவிருந்து கோத்திருந்தார். முதற்பக்கத்திலே தாயாரின் பெயரும், தோற்றமும் மறைவும் குறித்த இரண்டு திகதிகளும் மட்டுமே இருந்தன. பக்கத்தின் பெரும்பகுதி வெறுமை.

"இந்தப் பக்கத்துக்குத்தான் எனக்குக் கனநேரம் போனது" என்றார்.

மூன்று வரிகளே உள்ள பக்கத்துக்கு ஏன் நெடுநேரம் என்று மகனுக்கு விளங்கவில்லை. தந்தையார் மேசைமேலிருந்த தீப்பெட்டிகளையும் சீட்டுகளையும் எழுத்தாகப் பாவித்து விளக்கினார். அச்சிலே வெறுமை தானாக வருவதில்லை. ஒவ்வொரு வெற்றிடத்தையும் கையால் எடுத்து வைத்தல் வேண்டும். ஆங்கிலேயர் மரபிலே எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். வெற்றிடத்துக்கான ஈயக்கட்டைகள் அதனிலும் உயரம் குறைந்தவை. ஆகவே மையுருளை அவற்றைத் தொடாது. தாளிலே அவை பதியமாட்டா. ஆயினும் பக்கத்தின் எடையிற் பெரும்பங்கு அவற்றினுடையதாக இருக்கலாம். வரிகளைச் சட்டத்துக்குள் வைத்து நாற்புறமும் ஆப்பிறுக்கும்போது வெற்றிடங்கள் சரியாக நிரம்பியிருத்தல் வேண்டும். ஓர் இடத்திலே தளர்வு இருந்தாலும், சட்டத்தைத் தூக்கியதும் எழுத்துகள் பொலபொலவென்று நிலத்திலே கொட்டிவிடும்.

"வெத்திடம் இறுகாட்டி எழுத்து நிக்காது, தம்பி" என்றார். சிறிது நேரங் கழித்து, கல்வெட்டை மூடிக்கொண்டே, "செத்துப்போன ஆளின்ரை பேரைச் சுத்தி இடம் விடோணும். நெருக்கிப் போட்டால் வாசிக்கிறவை ஓடிப்போடுவினம்" என்றும் சொன்னார்.

அன்றிரவு அவன் கற்றதை எந்த நியமநூலும் அவனுக்குக் கற்பித்திருக்கவில்லை. அவன் வெறுமையை எழுத்து இல்லாத இடமென்று கருதியிருந்தான். தந்தையார் அதனை எழுத்தை நிறுத்துகின்ற பொருளென்று கையால் அறிந்திருந்தார். பந்திகளுக்கு நடுவே ஐம்பதுக்குப் பதிலாக முப்பது வந்த கதையையும் அவன் முறையிட்டான். தந்தையாருக்கு அதிலே வியப்பேதும் தோன்றவில்லை. "ரெண்டு பந்திக்கு நடுவிலை ஒரு இடைவெளிதானே வேணும். ரெண்டுக்குள்ளை பெரியதை வைச்சிருக்கு. அது சரிதானே" என்றார். பொறியியலாளன் வழுவென்று கண்டதை அச்சுக்கோப்பாளர் நியாயமென்று கண்டார்.

அதன்பின் அவன் படித்தவை யாவும் வேறு ஒளியிலே தோன்றின. அருகருகே உள்ளவற்றைக் கண் ஒரு கூட்டமாகக் கொள்ளும் என்பதை மக்ஸ் வேர்தைமர் என்ற உளவியலறிஞர் 1923 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். அவனுடைய பட்டியலிலோ நூற்பெயருக்கும் அதன் ஆசிரியருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவே அந்த ஆசிரியருக்கும் அடுத்த நூலுக்கும் இடையே இருந்தது. எது எதற்குரியது என்று கண் தடுமாறியதிற் புதுமையில்லை. பெட்டிகளின் கரைக்கோடுகளை நீக்கிவிட்டு, நூலுக்குள் இடைவெளியைக் குறைத்து, நூல்களுக்கிடையே அதனைக் கூட்டினான். கோடுகள் செய்யத் தவறியதை இடைவெளி செய்தது.

எழுத்தின் நிறத்தை அவன் தன் தொழிலுக்குரிய முறையிலேயே சோதித்தான். வலை உள்ளடக்கத்தின் அணுகுதன்மைக்கான சர்வதேச வழிகாட்டி, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் 4.5:1 இற்குக் குறையலாகாது என்கிறது. அவன் தெரிந்தெடுத்த நாகரிகச் சாம்பல் வெண்மையின்மேல் 2.85:1 ஆகவே இருந்தது. வெயிலிலே கையைக் குடையாக்கி நின்ற ஆசிரியருடைய முகம் அந்த எண்ணுக்குள்ளே அவனுக்குத் தெரிந்தது. ஒருவருடைய கண்ணுக்கு எட்டாமற் போனமைக்கும் ஓர் அளவு உண்டு என்பதை அறிந்தபோது, அதுவரை ஒப்பனை என்று ஒதுக்கியிருந்த துறைமேல் அவனுக்கு மரியாதை பிறந்தது. அதே வழிகாட்டியின் உயர்தரப் படிநிலை, பந்திக்குள் வரியிடைவெளி குறைந்தது ஒன்றரை மடங்கு இருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. தமிழெழுத்து மேலே இகரக் கொம்பும் கீழே உகரச் சுழியும் உடையது. ஆங்கில எழுத்திலும் அகன்றது. ஆகவே அவன் 1.7 மடங்கு கொடுத்துப் பார்த்தான். பெட்டியின் உயரத்தை நிலைப்படுத்திய எண்ணை அழித்துவிட்டான். நூற்பெயர் நீண்டால் இடமும் உடன் நீண்டது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமொழியிலே அறிவித்தான். பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள் தமிழ்க் குரலைத் தெரிந்துகொள்ள அச்சிறு குறிப்பு வேண்டும். முதுமையிலே நடுங்கும் விரலுக்கு எட்டும் அளவுக்குப் பொத்தானைப் பெருப்பித்தான்.

கைத்தொலைபேசியிலே பக்கம் முத்திரையளவுக்குச் சுருங்கியதற்கு ஒரே ஒரு வரி விடுபட்டமையே காரணம். திரையின் உண்மையான அகலத்தைக் கொள்க என்று பக்கத்தின் தலையிலே எழுதாவிட்டால், கைத்தொலைபேசியின் உலாவி அதனைப் பெரிய கணினித்திரைக்கு உரியதென்று கருதி, ஏறத்தாழ 980 பிக்சல் அகலத்திலே அமைத்துப் பின்னர் சுருக்கிவிடும். ஈதன் மாக்கொட் 2010 இல் எழுதிய கட்டுரையொன்று, திரைக்குத் திரை தனிப் பக்கம் அமைப்பதை விடுத்து, ஒரே பக்கம் எத்திரைக்கும் இணங்கி ஒழுகும்படி அமைத்தலை ஒரு முறையாக வகுத்துக் காட்டிற்று. அதன்வழியே அவன் முகப்பை மீண்டும் எழுதினான்.

இங்கேதான் தந்தையாரின் அறிவுக்கும் ஓர் எல்லை தென்பட்டது. மாற்றிய பக்கத்தை அவருக்குக் காட்டியபோது அவர் திருப்தியோடு தலையசைத்தார். பின்னர் மகன் கைத்தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினான். வரிகள் யாவும் கலைந்து வேறிடங்களில் முறிந்தன. எழுத்தைப் பெருப்பித்தான், மீண்டும் கலைந்தன. தந்தையாருடைய முகம் மாறிவிட்டது.

"அப்ப வரி எங்கை முறியும்?" என்று கேட்டார்.

"தெரியாது, அப்பா. அது வாசிக்கிற ஆளைப் பொறுத்தது."

இருபத்தெட்டு ஆண்டுகள் ஒவ்வொரு வரியின் முடிவையும் தாமே தீர்மானித்தவருக்கு அது எளிதாக ஏற்கத்தக்க விடையன்று. இறுதிப் படி என்று ஒன்று இல்லாத பக்கத்துக்கு எவ்வாறு பிழைதிருத்துவது? அவர் கைத்தொலைபேசியைத் தாமே வாங்கி, நிமிர்த்தியும் கிடத்தியும், எழுத்தைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும் நெடுநேரம் பார்த்தார். எந்த நிலையிலும் பெயரும் ஆசிரியரும் பிரியாது சேர்ந்தே நின்றன; நூலுக்கும் நூலுக்கும் இடையிலிருந்த வெளி குலையவில்லை. பின்னர், கண்ணாடியில்லாமலே தம்மாற் படிக்கக்கூடிய அளவுக்கு எழுத்தைப் பெருப்பித்து அவ்வாறே நிறுத்திவைத்தார்.

"எங்கடை காலத்திலை இப்பிடி ஏலாது. கண் தெரியாட்டி ஆரையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவேணும்" என்றார்.

அச்சிலே பக்கம் முடிந்த பொருள். வலையிலே அது வாசகரிடம் சென்றபின்னரே வடிவு கொள்ளும். கோப்பவர் தீர்மானிக்கக்கூடியது எது எதனோடு சேரவேண்டும், எதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்னும் உறவுகளை மட்டுமே. தந்தையும் மகனும் இதனை அன்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர் என்று சொல்லலாம்.

2024 தைப்பொங்கல் விடுமுறையிலே வாசிகசாலையில் இரண்டாம் முறை காட்டப்பட்டது. இம்முறை அவன் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. ஒன்றும் விளக்காமல் அவர்களைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றான். ஓய்வுபெற்ற ஆசிரியர் தாம் தேடிய நூலைக் கண்டார். அது இழந்தவற்றுள் ஒன்றென்றும் கண்டார். கனடாவிலுள்ள மாணவர் ஒருவரிடம் அதன் பிரதி இருக்கலாம் என்று அப்போதே தொலைபேசி எடுத்தார். அவன் எழுதிய தேடலின் வேகத்தை எவரும் கவனிக்கவில்லை. முகப்பின் அழகையும் எவரும் பாராட்டவில்லை. எல்லோரும் நூல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர்.

தந்தையார் மட்டும் ஒரு நூலின் பதிவை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதனைத் தேடுகிறார் என்று மகனுக்கு அப்போது விளங்கவில்லை, இரவிலேதான் விளங்கியது. பெயர், ஆசிரியர், ஆண்டு, இருப்பு ஆகிய நான்கையும் அவன் காட்டியிருந்தான். அச்சகத்தின் பெயரைக் காட்டவில்லை. அது பழைய பதிவேட்டிலே இருந்தது. நூலகப் பொறுப்பாளரின் பட்டியலிலும் இருந்தது. பயனற்றதென்று தரவுத்தளத்திற்குக் கொண்டுவராமலே அவன் விட்டிருந்தான். எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்பதும் வடிவமைப்பின் முதற்பாடங்களுள் ஒன்று. அந்தப் பாடத்தை அவன் எவரையும் கேளாமலே, பொறியியலாளனாக இருந்த முதல் வாரத்திலேயே தீர்மானித்து முடித்திருந்தான்.

அதனைச் சேர்ப்பதற்கு அவனுக்கு அரைமணி நேரமும் செல்லவில்லை. ஆண்டுக்குக் கீழே, சிறிய எழுத்தில், ஆனால் படிக்கத்தக்க கருமையில், அச்சகத்தின் பெயரை வைத்தான். அப்பெயரைத் தொட்டால் அங்கே அச்சிடப்பட்ட நூல்கள் யாவும் வரும்படி அமைத்தான். மறுநாட் காலையிலே கைத்தொலைபேசியைத் தந்தையாரிடம் கொடுத்தான். அவர் தம்முடைய அச்சகத்தின் பெயரைத் தொட்டார். பதினான்கு நூல்கள் வந்தன. ஒன்பது இருப்பில் இருந்தன, ஐந்து இழந்தவை.

அச்சுக்கோத்தவரின் பெயர் அந்தப் பதினான்கு நூல்களில் ஒன்றிலேனும் இல்லை. அப்படிப் போடும் வழக்கமும் இருந்ததில்லை. தந்தையார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். இது மழைக்காலத்திலே கோத்தது, இதற்கு எழுத்துப் போதாமல் முதற் பகுதியை அச்சிட்டுப் பிரித்த பின்னரே அடுத்ததைக் கோத்தது, இதன் ஆசிரியர் புறூவுக்கு மேல் புறூவாகத் திருத்தியவர் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே சென்றார். மகன் அருகிலே இருந்து கேட்டான். அவன் பிறப்பதற்கு முன்னர் முடிந்துபோன அந்த இருபத்தெட்டு ஆண்டுகளும் ஒரு பட்டியலாக அவன் முன்னே நின்றன.

பதினான்காவது நூலைப் பார்த்து முடித்ததும் தந்தையார் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆண்டுக்கும் அச்சகத்துக்கும் நடுவிலை கொஞ்சம் நெருக்கம்" என்றார்.

மகன் மடிக்கணினியைத் திறந்தான்.